காப்பாளரும் காக்கப்பட்டோரும்: கொர்னீலியா சொராப்ஜியின் சட்டப்பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கொர்னீலியா சொராப்ஜி (1866–1954) என்னும் பெயர் பெரும்பாலும் 'முதற் பெண்' பட்டியல்களிலேயே இடம்பெறுகின்றது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி, ஒக்ஸ்போட்டிலே சட்டம் பயின்ற முதற் பெண், இந்தியாவின் முதற் பெண் சட்டத்தரணி என்றவாறு அப்பட்டியல் நீளும். இந்தியத் தேசிய இயக்கத்தின் வரலாற்றை எழுதியோரோ அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பிரித்தானிய ஆட்சியின் உறுதியான ஆதரவாளராக இறுதிவரை இருந்தவர் என்பதே அதற்குப் போதிய காரணமாகிவிட்டது. ஒரு சாரார் போற்றுகின்றனர், மறுசாரார் ஒதுக்குகின்றனர். இரு சாராரும் தனிமனிதரின் திறமையையோ தனிமனிதரின் பிழையையோ வரலாறாகக் கொள்கின்றனர் என்ற வகையில், இவ்விரு போக்குகளும் ஒரே குறைபாட்டின் இரு பக்கங்கள் எனலாம்.

இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா வேறு. சட்டத்தொழில் பெண்களுக்கு முற்றாக மூடப்பட்டிருந்த ஒரு காலகட்டத்தில், குடியேற்ற அரசு ஒரு பெண்ணுக்கு மாத்திரம் பக்கக் கதவொன்றைத் திறந்துவிட்டது ஏன்? அக்கதவின் வழியே நுழைந்தவரால் எதனைச் செய்ய முடிந்தது, எதனைக் காணவே முடியாது போயிற்று? இவ்வினாக்கள் முற்போக்கு ஆய்வாளருக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானவை. சொத்துடைய வர்க்கத்துப் பெண்கள் அனுபவித்த ஒடுக்குமுறையைப் 'பெரிய வீட்டுச் சச்சரவு' என ஒதுக்கிவிடும் பழக்கம் எம்மிடையேயும் உண்டு. சொராப்ஜியின் வாழ்க்கையை ஊன்றி நோக்கும்பொழுது அப்பழக்கமும் சோதனைக்குள்ளாகின்றது.

2

சொராப்ஜி 1866 நவம்பர் 15 ஆம் திகதி பம்பாய் மாகாணத்து நாசிக்கிலே பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கார்சேத்ஜி, பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்திற்கு மாறிய மதபோதகர். தாயார் பிரான்சினா போட், ஆங்கிலேயக் குடும்பமொன்றினால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர். பூனாவிலே பாடசாலை நிறுவி நடத்தியவர். பார்சிகளிடையே மதம் மாறியவர், இந்துப் பெரும்பான்மையினரிடையே அந்நியர், ஆங்கிலேயரிடையே சுதேசி என்ற மும்முனை விலகல் இக்குடும்பத்தின் சமூக நிலையாக அமைந்தது. எந்தச் சமூகத்திலும் முழுமையாக வேரூன்றாத இத்தகைய குடும்பங்களுக்கு ஆங்கிலக் கல்வியும் ஆட்சியாளரின் ஆதரவுமே உறுதியான பற்றுக்கோடுகளாக இருந்தன. சொராப்ஜியின் பிற்கால அரசியலை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

பூனா தக்காணக் கல்லூரியிலே அவர் உயர் சித்தியெய்தினார். இங்கிலாந்திலே மேற்படிப்பு மேற்கொள்ளும் அரசாங்கப் புலமைப்பரிசிலுக்கு அச்சித்தி உரிமையளித்திருக்கவேண்டும்; பெண் என்ற காரணத்தினால் அது மறுக்கப்பட்டது. அதன்பின் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். மேரி ஹொப்ஹவுஸ், புளோரன்ஸ் நைற்றிங்கேல் முதலானோர் திரட்டிய நிதியின் உதவியுடன் 1889 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் சோமர்வில் மாணவியர் மண்டபத்தில் அனுமதி பெற்றார். 1892 இல், பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெற் முதலானோரின் ஆதரவினால், குடியியற் சட்டப் பட்டப் பரீட்சை எழுதுவதற்குப் பல்கலைக்கழகம் சிறப்பு அனுமதி வழங்கியது. அவர் சித்தியெய்தினார், ஆயின் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்களுக்குப் பட்டமளிப்பதை ஒக்ஸ்போட் 1920 இலேயே ஏற்றுக்கொண்டது. 1892 இற் சித்தியெய்திய பரீட்சைக்குரிய பட்டத்தை அவர் பெற்றது 1922 ஆம் ஆண்டிலாகும்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உரிமையாகக் கிடைக்கவேண்டிய புலமைப்பரிசில் மறுக்கப்பட்டது. அனுதாபிகளின் நன்கொடை கிடைத்தது. எல்லோருக்கும் உரிய பரீட்சை மறுக்கப்பட்டது. ஒருவருக்கு மாத்திரம் சிறப்பு அனுமதி கிடைத்தது. உரிமைக்குப் பதிலாகச் சலுகை, பொதுவிதிக்குப் பதிலாக விதிவிலக்கு என்னும் இவ்வமைப்பு அவரது வாழ்க்கை முழுவதிலும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது.

3

1894 இல் நாடு திரும்பிய சொராப்ஜி, காத்தியவார், இந்தூர் ஆகிய சமஸ்தானப் பகுதிகளிலே பிரித்தானிய முகவர்கள் முன்னிலையில் பர்தாப் பெண்களுக்காக மனுச்செய்யும் சிறப்பு அனுமதியைப் பெற்றார். பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டப் பரீட்சையிலும், 1899 இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சையிலும் சித்தியெய்தினார். எனினும் தொழிலில் அவரைப் பதிவு செய்ய நீதிமன்றம் மறுத்தது. அறிவு உண்டு, சான்றிதழ் உண்டு, கட்சிக்காரரும் உண்டு. தொழிலுரிமை மாத்திரம் இல்லை.

1902 முதல் அவர் இலண்டன் இந்திய அலுவலகத்திற்கு மனுக்களை அனுப்பலானார். நீதிமன்றங்களிலும் நிர்வாகத்திலும் பர்தாப் பெண்களின் நலன் பேணுவதற்குப் பெண் சட்ட ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. 1904 ஆம் ஆண்டில் வங்காளத்துக் 'கோட் ஒவ் வார்ட்ஸ்' நிர்வாகத்தின் பெண் உதவியாளராக அவர் நியமிக்கப்பட்டார். 1907 அளவில் அவரது பணி வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் ஆகிய பிரதேசங்களுக்கு விரிந்தது. வக்கீலாக ஏற்க மறுக்கப்பட்டவரை அரசாங்கம் உத்தியோகத்தராக ஏற்றது எவ்வாறு? இதற்கான விடையை வங்காளத்தின் நிலவுடைமை உறவுகளிலேயே தேடவேண்டும்.

1793 ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளராக்கி, அரசுக்குச் செலுத்தவேண்டிய வரியை நிலையாக வரையறுத்தது. குறித்த நாளிலே சூரியன் மறையுமுன் வரி செலுத்தப்படாவிடின் ஜமீன் ஏலத்திற்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பெருநிலத்தையும் திறமையாக நடத்துவதற்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்பது அரசின் வருமானத்தோடு தொடர்புடைய வினாவாயிற்று. உடைமையாளர் சிறுவராயின், சித்த சுவாதீனமற்றவராயின், அல்லது நிர்வகிக்க இயலாதவர் எனத் தீர்மானிக்கப்பட்ட பெண்ணாயின், அந்நிலத்தைத் தன் பொறுப்பில் எடுக்கும் அமைப்பே கோட் ஒவ் வார்ட்ஸ் ஆகும். 1879 ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் இதனை வரையறுத்தது. பெயரிலே 'நீதிமன்றம்' என்றிருப்பினும், நடைமுறையில் வருமான வாரியமே இதன் பணியை ஆற்றியது. காப்பாளர் என்னும் தாய்மைச் சொல்லுக்குள் வரி வசூலிப்போரின் கணக்கேடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதனோடு இந்துச் சட்டத்தின் இயல்பையும் இணைத்து நோக்குதல் வேண்டும். வங்காளத்திலே வழங்கிய தாயபாக முறைப்படி, மகனின்றி இறந்தவரின் பங்கு அவருடைய விதவைக்குச் சேரும். ஆயின் அது முழு உரிமையன்று. வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கலாம். சட்டம் ஏற்கும் அவசியமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. அவள் இறந்ததும் சொத்து அவளுடைய உரித்தாளருக்குச் செல்லாது, கணவனுடைய அடுத்த உரித்தாளருக்கே செல்லும். இதன் விளைவு யாது? விதவையின் வாழ்நாள் உறவினருக்கு ஒரு தடையாயிற்று. அவள் தத்தெடுப்பாளாயின் அவர்களது எதிர்பார்ப்புக் குலையும். எடுக்காவிடின் அவளது மரணத்திற்காக அவர்கள் காத்திருப்பர். முகாமையாளரும், மைத்துனரும், குடும்பக் குருவும் அவளைச் சூழ்ந்து நின்றனர். தனிச்சொத்துடைமைக்கும் பெண்ணின் அடிமை நிலைக்குமுள்ள தொடர்பை ஏங்கெல்ஸ் 1884 இல் ஆராய்ந்தார். சொத்துடைமையே பெண்ணுக்கு ஆபத்தாக மாறும் நிலையை வங்காளத்து விதவையின் வரலாறு எமக்குக் காட்டுகின்றது.

மூன்றாவதாக, பர்தா முறை ஒரு சட்டச் சிக்கலையும் தோற்றுவித்தது. 'பர்தாநஷீன்' என்பதன் நேர்ப்பொருள் திரைக்குப் பின்னே அமர்ந்திருப்பவள் என்பதாகும். வழக்கப்படி வெளியே தோன்றாத பெண்கள் நீதிமன்றத்திற்கு நேரில் வரவேண்டியதில்லை எனக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை விலக்களித்தது. இத்தகைய பெண் எழுதிய உறுதியொன்றை ஆதாரமாகக் கொள்பவர், அவள் அதனை விளங்கிக்கொண்டே ஒப்பமிட்டாள் என நிரூபிக்கவேண்டும் என்று பிரிவுக் கவுன்சில் தீர்ப்புகள் வற்புறுத்தின. அவளுக்குச் சுதந்திரமான ஆலோசனை கிடைத்ததா என்பதும் அங்கு வினவப்பட்டது. கோட்பாடு செம்மையானதே. ஆயின் அந்த ஆலோசனையை வழங்குபவர் யார்? வக்கீல்கள் யாவரும் ஆண்கள். அவர்கள் திரைக்கு இப்பால் நின்று பேசுவர். அப்பாலிருந்து வரும் குரல் அப்பெண்ணினுடையதுதானா என்பதைக்கூட அவர்களால் உறுதிசெய்ய இயலாது. சட்டம் ஒன்றைக் கோரியது. சட்டத்தொழிலின் அமைப்பு அதனை இயலாததாக்கியது. திரையைத் தாண்டிச் செல்லக்கூடிய, சட்டமறிந்த ஒருவரின் தேவை இம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தது. சொராப்ஜியின் பெருமை இத்தேவையை அரசுக்கு முன்னதாகவே இனங்கண்டமையாகும்.

4

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இப்பணியிலே 600 க்கு மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைச் சிறுவருக்கும் அவர் உதவினார் எனக் கணக்கிடப்படுகின்றது. நெடுந்தூரப் பிரயாணம், ஜமீன் மாளிகைகளின் உட்கட்டுகளிலே நாள்கணக்கிலான உரையாடல், ஜீவனாம்சப் பிணக்குத் தீர்த்தல், இளம் வாரிசுகளின் கல்விக்கு ஏற்பாடு செய்தல், மாமியாருக்கும் மருமகளுக்குமிடையிலான வழக்குகளை நீதிமன்றத்திற்கு வெளியிலேயே முடித்துவைத்தல் என அப்பணி பல கூறுகளைக் கொண்டிருந்தது. 1909 இல் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

இச்சேவையைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். தன் சொத்தைப் பற்றிய தாளிலே எழுதியிருப்பது என்ன என்பதை ஒரு பெண்ணிடமிருந்தே கேட்டறிவதும், உணவிலே நஞ்சிடப்படுமோ என்று அஞ்சிய சிறுவனின் தாய்க்கு அரசாங்கத்தின் பாதுகாப்பைப் பெற்றுக்கொடுப்பதும் சிறு காரியங்களல்ல. வர்க்க நிலையில் மேலிருந்தவர்களேயாயினும், வீட்டினுள்ளே இப்பெண்கள் பேச்சுரிமையற்றவர்களாயிருந்தனர். சுரண்டலால் வாழும் குடும்பமொன்றின் உறுப்பினராகவும் அதே குடும்பத்தின் கைதியாகவும் ஒருவர் ஒரே வேளையில் இருக்க முடியும். இவ்விரட்டை நிலையைக் கருத்திற் கொள்ளாத வர்க்க ஆய்வு வரட்டுவாதமாகவே முடியும்.

ஆயின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சொராப்ஜி எழுத்தாளருமாவார். 1901 இல் வெளிவந்த முதற் கதைத்தொகுதி முதல் 1934 இல் வெளிவந்த 'இந்தியா கோலிங்' என்னும் தன்வரலாறு வரை அவரது நூல்களின் மையம் அந்தப்புரமே. 1908 இல் வெளிவந்த 'பிற்வீன் த ருவைலைற்ஸ்' என்னும் நூலின் துணைத்தலைப்பு, இந்தியப் பெண்களைப் பற்றி அவர்களுள் ஒருவரே எழுதியது என உரிமை கொண்டாடுகின்றது. ஒக்ஸ்போட்டிலே பயின்ற பார்சிக் கிறிஸ்தவப் பெண்மணி, ஆங்கில வாசகரை முன்னிட்டு, தம்மைப் பர்தாப் பெண்களுள் ஒருவராக முன்வைப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. திரைக்கு உட்பட்டவரின் குரலாகத் தம்மைக் காட்டுவதற்கு அவர் திரைக்கு வெளியே இருக்கவேண்டியிருந்தது. இந்நூல்களில் வைதிகப் பெண்களின் பக்தியும் பொறுமையும் மிகுந்த பரிவோடு சித்திரிக்கப்படுகின்றன. புதிய கல்வி பெற்று, அரசியல் பேசும் பெண்ணோ ஐயத்துடன் நோக்கப்படுகிறாள். அம்மாளிகைகளை வாழவைத்த வாரக்குடிகள் இவ்வெழுத்துலகின் மையத்திற்கு வருவதேயில்லை. ஜீவனாம்சத்தொகை எவ்வளவு என்பது அங்கு வினா. அத்தொகை எந்த வயலிலிருந்து வந்தது என்பது வினாவன்று. ஆசிரியரின் இரக்கம் உண்மையானது. ஆனால் அவ்விரக்கத்தின் எல்லையைக் கோட் ஒவ் வார்ட்ஸ் வரைந்து கொடுத்திருந்தது.

5

சொராப்ஜி விதிவிலக்காகப் பணியாற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேறு சில பெண்கள் அதே தொழிலை உரிமையாகக் கோரி நின்றனர். சட்டப் பட்டதாரியான ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவு பெற விண்ணப்பித்தபொழுது, 1916 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் அதனை நிராகரித்தது. சுதான்சு பாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1921 இல் நிராகரித்தது.

இவ்வழக்குகள் மொழி ஆய்வாளரின் கவனத்திற்கும் உரியன. 1879 ஆம் ஆண்டின் சட்டத்தொழிலாளர் சட்டம் தகுதியுடைய 'ஆள்' என்றே கூறியது. ஆயின் அந்த ஆளைச் சுட்டுவதற்கு ஆண்பாற் பிரதிப்பெயரைப் பயன்படுத்தியது. ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்னும் பொது விளக்க விதி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. அவ்வாறிருந்தும், இத்தொழிலுக்குப் பெண்கள் வருவார்கள் எனச் சட்டமியற்றியோர் கருதியிருக்கவில்லை என்பதே நீதிமன்றங்களின் வாதமாயிற்று. பெண் என்றும் வந்ததில்லை என்பதே அவள் இனியும் வரக்கூடாது என்பதற்குக் காரணமாகியது. நாம் இன்று வழங்கும் 'சட்டத்தரணி' என்னும் சொல்லிற் பால் வேறுபாடு இல்லை. அச்சொல்லை இருபாலாருக்கும் இயல்பாக ஆளுகின்றோம். அவ்வியல்பு இலக்கணத்தினால் மாத்திரம் வந்ததன்று. பிரதிப்பெயரொன்று யாரை உள்ளடக்கும் என்பதைத் தீர்மானித்தவை சமூகப் போராட்டங்களே என்பதற்கு இவ்வழக்குகள் சான்று.

1919 இல் பிரித்தானியாவிலே பால் காரணமான தகுதியின்மையை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1921 இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியை வக்கீலாகப் பதிவு செய்தது. பாட்னா மறுத்த அதே ஆண்டில் அலகாபாத் இணங்கியமை, சட்டத்தின் சொற்கள் மாறாமலே அதன் பொருள் மாறக்கூடும் என்பதைக் காட்டியது. 1923 ஆம் ஆண்டின் சட்டத்தொழிலாளர் (பெண்கள்) சட்டம் பால் காரணமாக எப்பெண்ணையும் தொழிலிலிருந்து விலக்கலாகாது என விதித்து இந்தியா முழுவதற்கும் கதவைத் திறந்தது. 1922 இல் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற சொராப்ஜி, இலண்டன் லிங்கன்ஸ் இன் அமைப்பில் பாரிஸ்டராகி, 1924 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலே தொழிலை ஆரம்பித்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பத்தேழு. பரீட்சையிற் சித்தியெய்தி முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் கிடைத்த வாய்ப்பு அது. சக ஆண் சட்டத்தரணிகளின் மனப்பான்மை மாறியிருக்கவில்லை. வழக்குரைப்பதை விட அபிப்பிராயம் எழுதிக்கொடுப்பதே அவருக்குரிய வேலையாக அமைந்தது. 1929 இல் தொழிலிலிருந்து விலகி இலண்டனிற் குடியேறினார்.

சிறப்பு அனுமதி பெற்றவர் வரலாற்றில் முதல்வரானார். பொது உரிமை கோரித் தோற்றவர்களின் பெயர்கள் மங்கிப்போயின. ஆனால் பின்வந்த பெண்கள் சலுகையின்றி, உரிமையின் பேரில் நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள் எனில், தோற்ற அவ்வழக்குகளுக்கும் அதிற் பங்குண்டு. 1937 இல் திருவிதாங்கூரிலே முன்சீப்பாகவும் 1959 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் அன்னா சாண்டி உயர்ந்தமை இவ்வுரிமையின் வளர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு.

6

அமெரிக்க எழுத்தாளர் கதரின் மேயோ 1927 இல் வெளியிட்ட 'மதர் இந்தியா' என்னும் நூல், இந்தியப் பெண்களின் துயரங்களைப் பட்டியலிட்டு, சுயாட்சிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்னும் முடிவை வலியுறுத்தியது. சொராப்ஜி மேயோவுக்கு ஆதரவாக நின்றார். காந்தியின் இயக்கத்தை எதிர்த்தார். காந்தியை நேரிற் கண்டு வினவி, அவ்வுரையாடலை 1932 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். இதன் விளைவாக, தாம் கட்டியெழுப்ப முயன்ற சமூக சேவை அமைப்புகளுக்குரிய ஆதரவையே வங்காளத்திற் பெரிதும் இழந்தார்.

இதனைத் துரோகம் என ஒரு சொல்லால் முடித்துவிடுவது எளிது. எமது நோக்கிலே இது அவரது தொழிலனுபவத்தின் அரசியல் நீட்சியாகும். இருபதாண்டுகளாக அவர் கண்ட உலகில், ஒடுக்குவோர் சுதேச உறவினர். காப்பாற்றுவோர் பிரித்தானிய உத்தியோகத்தர். அவ்வுறவினரின் பேராசைக்கு வித்திட்ட நிலவுடைமை அமைப்பை நிலைநிறுத்தியதும் அதே பிரித்தானிய அரசுதான் என்பது அந்தப்புரத்தின் சாளரங்களினூடாகத் தெரியவில்லை. காப்பாளர், காக்கப்படுவோர் என்னும் உறவையே அவர் நாட்டின் அரசியலுக்கும் பொருத்தினார். இந்தியா முழுவதும் அவருக்குப் பருவமெய்தாத வாரிசாகத் தோன்றியது. ஏகாதிபத்தியம் அதன் காப்பாளராகத் தோன்றியது. விதவைக்குப் பொருந்திய தர்க்கம் நாட்டுக்குப் பொருந்தாது. ஏனெனில் நாட்டின் சொத்தை அனுபவித்தவர் காப்பாளரேயாவர்.

எனினும் எதிரணியினரையும் நாம் வினவுதல் வேண்டும். மேயோவின் அவதூறுக்கு விடையளிக்கும் அவசரத்திலே தேசியவாதிகளிற் பலர் பெண்களின் துயரத்தைப் பற்றிய பேச்சையே நாட்டின் மானப் பிரச்சினையாக்கினர். 'முதலில் விடுதலை, பின்னர் பெண்' என்னும் வரிசையை இடதுசாரி இயக்கங்களும் 'முதலில் வர்க்கம், பின்னர் பெண்' என வேறு சொற்களில் வழங்கியதுண்டு. விடுதலை இயக்கம் பெண்ணின் குறையைக் கேட்க மறுக்குமிடத்து, அக்குறையைக் கேட்கும் பாசாங்குடன் ஏகாதிபத்தியம் வந்து அமர்கின்றது. சொராப்ஜியின் வாழ்க்கையிலிருந்து நாம் பெறவேண்டிய கடுமையான பாடம் இதுவே எனலாம்.

7

சொராப்ஜி 1954 யூலை 6 ஆம் திகதி இலண்டனிற் காலமானார். அவ்வாண்டின் இருமருங்கிலும் நிகழ்ந்தவற்றை நோக்குதல் பயனுடையது. 1950 இல் பீகாரின் நிலச்சீர்திருத்தச் சட்டமும், 1953 இல் மேற்கு வங்காளத்தின் நிலவுடைமைகளைச் சுவீகரிக்கும் சட்டமும் ஜமீன்தாரி முறையை ஒழிக்க வழிவகுத்தன. 1956 ஆம் ஆண்டின் இந்து உரிமையியற் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, இந்துப் பெண் உடைமையாகக் கொண்ட சொத்தின் மீதிருந்த வரையறுக்கப்பட்ட உரிமையை முழு உரிமையாக மாற்றியது. அவர் வாழ்நாள் முழுவதும் தனித்தனியாகத் தீர்க்க முயன்ற பிணக்குகளின் இரு மூலங்களும், அதாவது ஜமீனும் விதவையின் அரை உரிமையும், இவ்வாறு பொதுச்சட்டங்களினால் தாக்கப்பட்டன. அவர் எதிர்த்த தேசிய இயக்கத்தின் வெற்றியே அச்சட்டங்களை இயற்றக்கூடிய சட்டசபைகளைத் தோற்றுவித்தது. சட்டங்கள் வந்ததனால் மாத்திரம் நடைமுறை மாறிவிடவில்லை என்பதும் உண்மையே.

அறுநூறு பெண்களுக்குத் தனித்தனியே நீதி தேடிய ஒருவரின் உழைப்பை, ஒரே பிரிவிலே பல இலட்சம் பெண்களின் உரிமையை வரைந்த சட்டத்தோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்துதல் எமது நோக்கமன்று. அந்த அறுநூறு பேருள் எவரும் 1956 வரை காத்திருந்திருக்க இயலாது. அதேவேளை, கருணையுள்ள காப்பாளர் ஒருவர் கிடைத்தமையை விடுதலை என மயங்கவும் இயலாது. திரைக்கு அப்பால் இருந்த பெண்ணின் சொல்லைக் கேட்டறிந்து, அதனைச் சட்டத்தின் மொழியில் எழுதிய முதல்வர் என்ற வகையில் கொர்னீலியா சொராப்ஜிக்கு வரலாற்றிலே நிலையான இடமுண்டு. அப்பெண் தானே பேசும் மன்றத்தை அமைப்பது அவரது காப்புமுறையின் எல்லைக்கு அப்பாற்பட்டதாயிருந்தது. அப்பணியை ஏற்றவை பின்வந்த இயக்கங்களே. அது இன்னும் நிறைவுபெறவில்லை.